சுவரிலிருந்து மகளை எடுத்தேன்

அங்கன்வாடிச் சுவர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் படம் வரைவது என் தொழில். கூடலூரிலிருந்து தேனி போகும் வழியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய யானைகள், மாம்பழங்கள், கை கழுவும் குழந்தைகள் ஆகியவற்றில் சில என்னுடையவை. யானை சிரிக்க வேண்டும் என்பார்கள். குழந்தைகள் எல்லோரும் கைகோத்து நிற்க வேண்டும் என்பார்கள். பல வருடம் அப்படித்தான் வரைந்துகொடுத்தேன். என் மகள் பிறந்து வளர்ந்த பிறகுதான், கைகோக்காத ஒரு பிள்ளையையும் அந்தக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி வைக்கப்போய் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். விடிந்ததும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கு மலையேறுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் வீடு ஜீப் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. மகள் வெகுநாள் வரை அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறவரின் அதே குரலில், "குமுளி குமுளி குமுளி, ஏறு ஏறு, எடம் இருக்கு" என்றாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய், ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் அழுததை நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எது வேண்டுமானாலும் அதுதான் சொல். பசித்தால் குமுளி. தண்ணீருக்குக் குமுளி. தூக்கம் வந்தால் மெதுவாக, இழுத்து, குமுளீ. எந்தக் குமுளி எதற்கு என்று நான் கற்றுக்கொண்டேன். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுவாள். தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அன்று முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருப்பாள். சனியின் பார்வை என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒரு சனிக்கிழமை குச்சனூர்ச் சனி பகவான் கோயிலுக்கும் கூட்டிப்போனோம். எள் விளக்கின் வாசனையும் நெரிசலும் மணிச்சத்தமும் ஒன்றுசேர, அவள் கோயில் வாசலிலேயே படுத்துவிட்டாள். சுற்றிநின்ற ஒருவர், "புள்ளைய நல்லா வளக்கலயே" என்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவள் அமைதியாக இருந்த இடம் ஒன்று உண்டு. கம்பம் பக்கம் என் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே விட்டால் போதும். மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, இலைகளுக்கு நடுவே ஒளி வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். சிரிக்கமாட்டாள். ஆனால் அவளுடைய கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். சந்தோஷமாக இருந்தால்தான் அது ஆடும்.

மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மகளோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்கத் தொடங்கினார். சட்டைக் கழுத்து உறுத்தினால் அழுவாளா, ஒரே சாப்பாட்டையே கேட்பாளா, நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுவாளா, கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குவாளா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியில், "டாக்டர், இதெல்லாம் எனக்கும் உண்டே. இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருக்கலாம்மா. மூளை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்ல. உங்க பொண்ணுக்கு இருக்கறது ஆட்டிசம். உங்களுக்கும் அதே வழியில ஏதாவது இருக்கலாம். உங்களை யாரும் சோதிச்சுப் பாக்கல, அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியது. கணவர், "ரெண்டு பேருக்குமா?" என்றார். நான் தலையாட்டினேன். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கிறுக்கி என்று கூப்பிட்டதும், வாத்தியார் கேள்வி கேட்டு அடித்தபோது பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றதும், கரும்பலகையில் மட்டும் எதையாவது வரையச் சொன்னால் கை தானாக ஓடியதும் நினைவுக்கு வந்தன. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரமாகவும் இருந்தது. இத்தனை வருடம் என்னிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் வரைவது மாறியது. அங்கன்வாடிச் சுவரில் பத்துப் பிள்ளைகள் விளையாடினால், ஒரு பிள்ளை ஓரமாகக் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். இன்னொரு சுவரில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டிருக்கும். "இது என்ன, இந்தப் பிள்ளைக்குக் காதுவலியா?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன். எனக்கு மேடையில் பேச வராது. ஆனால் என் படத்துக்கு முன்னால் நின்று கேட்டால் பேச வரும். அங்கன்வாடி டீச்சர்கள் சிலர் தங்களிடம் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர், "நான் அந்தப் பயலத் திமிருன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் நான் செய்ய வேண்டிய வேலை என்று அன்று நினைத்தேன்.

அந்தச் சுவர்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கூடலூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளி அது. சாலையைப் பார்த்த நீளமான சுற்றுச்சுவர், புதிதாகப் பூசி வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

"நம்ம ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் எடம் உண்டுன்னு ரோட்ல போற சனத்துக்குத் தெரியணும்மா" என்றார். "ஒங்க இஷ்டத்துக்கு வரைங்க. ஒங்க பொண்ணையும் இங்கனயே சேத்துருங்க. நான் பாத்துக்கிறேன்."

மனதில் பட்டதைத்தான் அவர் சொன்னார். அதை இப்போதும் நான் சந்தேகப்படவில்லை.

மே மாதம் முழுக்க வரைந்தேன். வெயில் ஏறுவதற்குள் சுவரின் ஒரு பகுதியை முடித்துவிட்டு, மத்தியானம் புளியமர நிழலில் ஒதுங்கி, மறுபடி மாலையில் தொடங்குவேன். நீளச் சுவர் முழுவதும் ஒரு திராட்சைப் பந்தல். கல்தூண், கம்பி, கொடி, கொத்துக்கொத்தாய்ப் பழம். அதற்குக் கீழே பிள்ளைகள். சண்டை போடுகிற பிள்ளைகள், புத்தகம் படிக்கிற பிள்ளை, சக்கர நாற்காலியில் இருந்தபடி பழம் பறிக்கிற பிள்ளை. நடுவில் என் மகள். மல்லாந்து படுத்து, காதைப் பொத்தி, மேலே பார்த்துக்கொண்டு.

தாளாளர் வந்து பார்த்தார். "நல்லாருக்கு. இந்தப் பொண்ண மட்டும் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி போட்ருவமே."

"அவ சந்தோஷமாத்தான் இருக்கா சார். சிரிக்கல, அவ்வளவுதான்."

மறுபடி படத்தைப் பார்த்தார். "சரி. நீங்க அம்மா. ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வேலை முடிகிற சமயத்தில் ஒரு நாள், கம்பத்திலிருந்து வந்த டவுன் பஸ் சற்றுத் தள்ளி நின்று, அதிலிருந்து ஓர் அக்கா தன் மகளோடு இறங்கி வந்தார். பொட்டிப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர், பிறந்த வீடு கூடலூர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. மகள் நன்றாக வளர்ந்த பெண், தாவணி போடும் வயது. நுனிக்காலில் எம்பி எம்பி நின்றபடி சுவரைப் பார்த்தாள்.

"இத நீங்களா வரஞ்சீக?" என்றார் அந்த அக்கா.

"ஆமாக்கா."

"பஸ்ல வரும்போதே பாத்தேன். இப்டித்தான் கெடப்பா இவ. காதப் பொத்திக்கிட்டு. எங்கனயும் நான் இப்டி ஒரு படத்தப் பாத்ததில்ல." முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தார். "இந்த மாதிரிப் பிள்ளைகள இங்கன சேத்துக்கிறாகளா?"

"சேத்துக்கிறாகக்கா. எம்பொண்ணும் இங்கனதான் படிக்கப்போறா."

"இவளுக்கு வயசு போயிருச்சு. சும்மாதான் கேட்டேன்" என்றார். கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணைச் சுவரைவிட்டு நகர்த்துவதற்குத்தான் நேரமானது.

பள்ளி திறந்தது. மகளின் வகுப்பு டீச்சர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். ஜன்னலோரம் இடம் கொடுத்தார். மின்சார மணி அடிக்கும்போதெல்லாம் மகள் அலறினாள் என்பதால், நான் சிறிய அட்டைகளில் படம் வரைந்து கொடுத்தேன். மணியின் படத்தைக் காட்டினால் இப்போது அடிக்கப்போகிறது என்று அர்த்தம்; அவள் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொள்வாள். டீச்சர் மறக்காமல் காட்டினார். வகுப்பில் மற்ற பிள்ளைகளும் மணி அடிக்கும் நேரத்தைக் கவனித்து அவளுக்குச் சைகை காட்டப் பழகினார்கள். அந்த மாதங்களில் அவள் "தண்ணி" என்றாள். "போதும்" என்றாள். என் கணவர் ஜீப்பில் வருகிற எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

சுவரின் படத்தைப் பள்ளி வேன்களில் ஒட்டினார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பெரிய பிளக்ஸாக வைத்தார்கள். காதைப் பொத்திய என் மகள் எல்லா ஊருக்கும் போனாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. தங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து குமுளி குமுளி என்று கத்துகிறான் என்று ஒரு தகப்பனார் புகார் சொன்னார். டீச்சரின் கவனமெல்லாம் ஒரே பிள்ளை மேல் இருக்கிறது என்றார் இன்னொரு அம்மா. மத்தியானத்தோடு வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். போனேன். நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மற்ற பெற்றோர் தங்களையும் அனுமதிக்கச் சொல்வார்கள் என்றார்கள்.

ஆண்டு விழா ஒத்திகைக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் கொண்டுவந்தார்கள். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் எழுந்ததும் மகள் வகுப்பிலிருந்து ஓடி, திறந்திருந்த கேட் வழியாக நெடுஞ்சாலைக்கே போய்விட்டாள். ஒரு லாரி சடாரென்று நின்றது. வாட்ச்மேன் பாய்ந்து போய் இழுத்தார். அவள் அவர் கையைக் கடித்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மகள் சுவருக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லத்தா, பயந்துட்டா" என்றார் வாட்ச்மேன். கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். அவருடைய அறை ஜன்னல் வழியாகச் சுற்றுச்சுவரின் உட்பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

"நேத்து ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பதில் சொல்வேன்? சொல்லுங்க" என்றார். "எனக்குத் தூக்கமே வரலம்மா. மத்த பேரண்ட்ஸும் கேக்குறாக. தேனியில ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அங்கனதான் இவளுக்குன்னு பயிற்சி எடுத்தவுக இருப்பாக. இவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கேட்டைச் சாத்தி வைத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். ஸ்பீக்கர் வரும் நாளில் ஒரு போன் போட்டிருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். தினமும் தேனிக்குப் போய் வர இத்தனை சிறிய பிள்ளையால் முடியாது, பஸ் ஹாரனை அவளால் தாங்க முடியாது என்றும் சொல்ல நினைத்தேன். எல்லாம் வரிசையாக மனதில் நின்றன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.  என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர், "நீங்க புரிஞ்சுக்குவீகன்னு தெரியும்" என்றார்.

மேஜையில் அடுத்த வருடச் சேர்க்கைக்கான விளம்பரத் தாள் இருந்தது. அதன் அட்டையிலும் என் மகள் இருந்தாள்.

கணவர் நேரில் போய்க் கேட்டார். பதில் மாறவில்லை. வகுப்பு டீச்சர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அட்டைகளை நீட்டி, "நான் பேசிப் பாத்தேன்க்கா" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அட்டைகளை வாங்கிக்கொள்ளாமல் அவரிடமே விட்டுவிட்டேன். வேறு பிள்ளைக்கு ஆகும்.

மகளுக்கு எதுவும் புரியவைக்க முடியவில்லை. காலையில் சீருடையைத் தானே எடுத்துவந்து என் மடியில் வைப்பாள். இல்லை என்றால் அதைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துவருவாள். "தண்ணி" போனது. "போதும்" போனது. பழைய குமுளி மட்டும் மிஞ்சியது. அதையும் ரகசியம்போலச் சொல்லத் தொடங்கினாள்.

அண்ணன் தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜீப் அங்கே வந்ததும் கதவைப் பிடித்து உலுக்குவாள். ஒரு நாள் கணவர் பொறுக்கமாட்டாமல் வண்டியை ஓரம் கட்டினார். அவள் இறங்கி ஓடிப்போய், படத்துக்கு நேர் கீழே, சாலையோரப் புழுதியில் மல்லாந்து படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மேலே பந்தல் இல்லை, ஒளி இல்லை, வெறும் வெயில். அவள் கால் பெருவிரல் அசையவில்லை. பள்ளிக்குள்ளிருந்து புதிய வாட்ச்மேன் ஒருவர் வந்து, "இங்கன படுக்கக் கூடாது, எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார். அவர் தலைக்கு மேலே, சுவரிலும் அவள் படுத்திருந்தாள். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

அன்று வீட்டில் கணவரிடம், "அந்தப் படத்துல இருந்து இவள எடுத்துரப்போறேன்" என்றேன்.

"விட்டுரு" என்றார். "ஒனக்கு இனிமே ஒரு பய செவுரு குடுக்க மாட்டான். நாம இந்த ஊர்லதான் இருக்கணும்."

"அவள வச்சு ஊர்ப்பிள்ளைகளக் கூப்பிடுறாக. அவள உள்ள விடமாட்டாக."

"எனக்குத் தெரியாதா? எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா அழிச்சா என்ன மாறும்? அவ உள்ள போயிருவாளா?"

போகமாட்டாள் என்று எனக்கும் தெரியும்.  ஆனால் தாளாளர் அறையில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்வதற்கு என்னிடம் தூரிகை ஒன்றுதான் இருந்தது.

பள்ளிக்கூடம் கூடுகிற நேரத்தில், காலையில், எல்லோரும் பார்க்கத்தான் போனேன். வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் ஒரு பட்டைத் தூரிகையும் கொண்டுபோனேன். முழுவதையும் அழிக்கவில்லை. மகளின் உருவத்தை மட்டும், விளிம்பு பிசகாமல், வெள்ளையாக்கினேன். கால்களில் தொடங்கினேன். முகத்தைக் கடைசிக்கு வைத்தது தவறு. அங்கே வந்ததும் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு, பிறகு மறுபடி எடுத்தேன். பிள்ளைகளை இறக்கிவிட வந்தவர்கள் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஏன் அழிக்கிறீக?" என்று ஒருவர் கேட்டார். "இந்தப் பிள்ள இங்க படிக்கல" என்றேன். அந்தச் சொற்கள் எளிதாக வந்தன. யார் கேட்டாலும் அதையே சொன்னேன்.

தாளாளர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும்மா. இது எங்க சுவரு" என்றார்.

"சுவரு ஒங்களோடது சார். பிள்ள என்னோடது."

அவர் போனைக் கையில் எடுத்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அழைக்கவில்லை. நான் முடிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தார். நான் கிளம்பும்போது, "ஒங்ககிட்ட நான் மரியாதையாத்தான நடந்துக்கிட்டேன்" என்றார் மெதுவாக. அது உண்மைதான். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திராட்சைப் பந்தலின் நடுவில், படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் வடிவத்தில் வெள்ளை இடம். யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். அது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். அதே அளவுக்குத் திட்டவும் செய்தார்கள். பள்ளியை நாசமாக்கப் பார்க்கிறாள், விளம்பரப் பைத்தியம், தானே அப்படித்தான் இருக்கிறாள், பிள்ளை எப்படி இருக்கும் என்றார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் பொய் இல்லை என்பதால் அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் ஒரு போன் வந்தது. பொட்டிப்புரத்து அக்கா.

"அத ஏம்மா அழிச்ச?" என்றார்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அவுக செஞ்சது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா அந்தப் படம் ஒம்பிள்ள மட்டுந்தானா?" அவர் குரல் உயரவில்லை. "மாசம் ஒருக்கா இவளக் கூட்டிட்டு வந்து காட்டுவேன். இன்னைக்கு வந்தோம். வெள்ளையா கெடக்கு. இவ அந்த எடத்தத் தடவித் தடவிப் பாக்குறா. நகத்த வச்சுச் சொரண்டுறா. நான் என்னன்னு சொல்ல இவகிட்ட?"

"அக்கா..."

"ரோட்டுல போறவன் எம்பிள்ளையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான். அந்த ஒரு செவுத்துல மட்டுந்தான் இவளும் பத்துப் பிள்ளையோட பிள்ளையா இருந்தா. அதையும் ஒங்கையாலயே எடுத்துப்புட்ட."

போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சில நாள் கழித்துப் பொட்டிப்புரத்துக்கே போனேன். அக்கா வாசலில் பாய் போட்டு உட்காரவைத்தார், காப்பி கொடுத்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.  அவருடைய மகள் உள்ளறையிலிருந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் செய்தது சரி என்று ஒரு பொழுதும், அந்த அக்கா சொன்னதுதான் சரி என்று ஒரு பொழுதும் தோன்றுகிறது. என் மகளை அந்தச் சுவரில் விட்டுவைத்திருக்க என்னால் முடிந்திருக்காது. ஆனால் படம் வரைந்து வெளியே வைத்த பிறகு அதில் இருப்பது யாருடைய பிள்ளை என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

கோடை விடுமுறைக்குள் பள்ளி அந்த வெள்ளை இடத்தை வேறொருவரைக் கொண்டு நிரப்பியது. இப்போது அங்கே புத்தகம் பிடித்துச் சிரிக்கிற ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் பழைய டீச்சர் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன்.

கணவர் சொன்னபடியே ஆனது. தனியார் பள்ளிகள் என்னைக் கூப்பிடுவதில்லை. அங்கன்வாடி வேலைகள் மட்டும் அவ்வப்போது வருகின்றன. மற்ற நாளில் காடாத் துணியில் வரைகிறேன். சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், யாருடைய சுவரையும் கேட்க வேண்டியதில்லை. டீச்சர்கள் கூடுகிற இடங்களில், சமுதாயக் கூடங்களில், ஒருமுறை ஒரு சர்ச் வளாகத்தில் விரித்துக் காட்டினேன். ஒரு துணியில் பேருந்துக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இளைஞன். இன்னொன்றில் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு நடுவே சாப்பிட முடியாமல் எழுந்து நிற்கும் பெண், அது நான்தான். இந்த முறை ஒவ்வொரு படத்தையும், அதில் இருப்பவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் முதலில் காட்டிவிட்டுத்தான் வெளியே வைக்கிறேன். சிலர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்தத் துணிகள் வீட்டிலேயே இருக்கின்றன. கூட்டம் பெரிதாக வருவதில்லை. வருகிறவர்களில் யாராவது ஒருவர், "இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. பொட்டிப்புரத்து அக்கா ஒருமுறை வந்தார். கடைசி வரிசையில் நின்று எல்லாப் படத்தையும் பார்த்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் கிளம்பிவிட்டார்.

மகள் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகிறாள். தலைமையாசிரியை மறுகேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். வாரத்தில் சில நாள் சிறப்பாசிரியை ஒருவர் வந்து போகிறார். மற்ற நாட்களில் பாதிப் பொழுது அவள் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறாள், படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. "தண்ணி" திரும்பி வந்திருக்கிறது. "போதும்" இன்னும் வரவில்லை.

அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு; அந்தப் பள்ளி அதோடு முடிகிறது. போன வாரம் நானும் கணவரும் அவளைக் கூட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளியைப் பார்க்கப் போனோம். சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"சத்தம் போடுவாளா?"

"போடுவா சார்" என்றேன்.

"ஓடிருவாளா?"

"பயந்தா ஓடுவா. பயப்படுத்தலேன்னா ஓடமாட்டா." இந்த முறை பேச்சு நிற்காமல் இருப்பதற்காக, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "கிளாஸுக்கு நெறயப் பிள்ளைக இருக்குதும்மா. டீச்சர் பத்தல. ஜூன்ல வாங்க. பாப்போம்."

அதற்குள் மகளைக் காணோம். தேடிப்போனால், பூட்டாத ஒரு வகுப்பறையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரலால் பெஞ்சின் மரக்கோடுகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். கணவர், "வாத்தா, போவோம்" என்றார். அவள் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒக்காரட்டும், எனக்கும் இங்க வேல இருக்கு" என்றார்.

தலைமையாசிரியரும் நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம்.